திருநீற்றில் தெரிந்த கோடு

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் மூன்று சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய அறை அளவுக்கு இருக்கும் இரும்புப் பெட்டி. ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்து, மோட்டார் சுழற்றச் சுழற்ற நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே, மேலே கொட்டும் கல்லைப் பெரிது சிறிது என்று பிரித்துக் கீழே தள்ளும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவற்றின் கோளாறுகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதல் நாள் அவர்களை, ஓடும் சல்லடையை ஒட்டிய நடைமேடையில் நிறுத்தி, "கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க. உள்ளங்காலுக்கு என்ன தெரியுது?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, ஒவ்வொருவராகக் காலைப் பார்ப்பார்கள்.

நான் அதைக் கற்றது ஏற்காட்டில், நாகலூருக்கு மேலே இருந்த ஒரு பாக்சைட் சுரங்கத்தில். மழை பெய்து வெறித்த காலைகளில் இப்போதைய நடைமேடையிலிருந்து வடக்கே அந்த மலை முழுசாகத் தெரியும். அந்த நாட்களில் மட்டும் நான் வடக்கே பார்த்து நின்று பேச மாட்டேன்.

சேலத்தில் பாலிடெக்னிக் முடித்து மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கியதும் மேலே அந்த வேலை கிடைத்தது. பராமரிப்பில் பெண் யாரும் அதுவரை இருந்ததில்லை. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு அனுப்பினார்.

"அந்த மெஷினு ஓடற வரைக்கும் இருந்துக்க. நின்னு போச்சுன்னா ஊட்டுக்கு வந்துரோணும். அப்புறம் நாங்க பாக்கற பையன வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"சரிங்கப்பா" என்றேன். மனிதரைவிட இரும்பு அதிக நாள் இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு.

மேலே போய்ச் சேர்ந்த வாரமே மேனேஜர் அந்தக் கணக்கைத் திருத்தினார். அங்கே இருந்தது ஒரே சல்லடை. எங்கேயோ ஓடிக் களைத்ததைப் பழசாக வாங்கி மேலே ஏற்றியிருந்தார்கள். வலை கிழிந்தால் மாற்றலாம், பேரிங் போனால் மாற்றலாம், ஸ்பிரிங் உடைந்தால் மாற்றலாம். ஆனால் பெட்டியின் உடம்பு, அதாவது இரண்டு பக்கத்திலும் நிற்கும் பெரிய தகடுகள், விரிசல் விட்டால் புதிது வாங்குவதாக இல்லை. மண்ணை அப்படியே டிப்பர் லாரியில் அள்ளி அடிவாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பெரிய ஆலை இருக்கிறது. மேலே சுரங்கம் மட்டும் இருக்கும். எனக்கு அங்கே வேலை இருக்காது.

ஆக, அந்தச் சல்லடை இருக்கும் மட்டும்தான் நான் மலையில் இருக்க முடியும். இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மற்ற எல்லாருக்கும் தெரியும்.

நாகலூரில் ஒரு அக்காவின் வீட்டில் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், கணவர் இல்லை, மகள் சேலத்தில் மிஷன் பள்ளி விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் எங்கள் பிளான்ட்டில்தான் வேலை. சல்லடையிலிருந்து இறங்கும் மண் ஒரு கன்வேயர் பெல்ட்டில் போகும். அதன் இருபுறமும் நின்று களிமண் கட்டியையும் வேண்டாத கல்லையும் பொறுக்கிப் போடும் பெண்களில் ஒருவர். காலையில் நாங்கள் இருவரும் காபித் தோட்டத்துக் குறுக்குவழியில் ஏறுவோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்கும். அதிலிருந்து நீர் சொட்டி எப்போதும் என் வலது தோள்தான் நனையும், ஏனென்றால் அக்கா இடது பக்கத்தை விட்டுத்தர மாட்டார். அக்கா கோயில் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே வருவார். ஞாயிற்றுக்கிழமை பாடின பாட்டு சனிக்கிழமை வரை ஓடும். சரிவு திரும்பும் இடத்தில் பாட்டை நிறுத்துவார். அங்கேதான் சல்லடையின் அதிர்வு காலுக்கு முதலில் எட்டும். முதல் ஷிப்ட் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும்.

"எப்பிடி இருக்குது கண்ணு உன்ற ஆளு?"

"நல்லா இருக்குதுக்கா."

இந்த இரண்டு வரியோடுதான் என் நாள் தொடங்கும். வேறு எங்கேயும் நான் இன்னார் மகள். அங்கே என்னைப் பார்த்ததும் எல்லாரும் சல்லடையைத்தான் விசாரித்தார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை.

எதையும் வரிசையாக வைத்துக்கொண்டால்தான் எனக்கு மனம் நிலைக்கும். அதன் கோளாறுகளையும் அப்படித்தான் வைத்திருந்தேன். முதலில் காதுக்கு வருபவை. வலை தளர்ந்தால் யாரோ உள்ளே கை தட்டுவதுபோல் படபடக்கும். அப்படியே விட்டால் இரண்டு நாளில் கம்பி அறுந்துவிடும். மோட்டார் பெல்ட் வழுக்கினால் கீச்சென்று கத்தும். கூடவே ரப்பர் கருகின வாடை. அடுத்து கைக்கு வருபவை. பேரிங் பெட்டியின் மேல் புறங்கையை வைத்தால் பொறுக்கும் சூடா, பொறுக்காத சூடா என்று தெரியும். கிரீஸ் குறைந்தாலும் சுடும், அதிகம் திணித்தாலும் சுடும். எங்கள் ஆட்கள் எப்போதும் அதிகம் திணிப்பார்கள். விருந்தாளிக்குச் சோறு போடுகிற பழக்கம். கடைசியாகக் கண்ணுக்கு வருபவை. ஐப்பசி மழையில் சிவப்பு மண் பிசுபிசுத்து வலையின் கண்களை அடைத்துவிடும். மண் வலைமேல் பாயைப்போல் படுத்துக்கொண்டு சலிக்காமலே வழுக்கிப் போகும். நடுவில் ஓட வேண்டிய மண் ஒரு ஓரமாக ஒதுங்கினால், ஒன்று கொட்டுகிற வாய் கோணல், அல்லது அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது...

அந்த இரண்டாவது 'அல்லது' உடம்பு விரிசல். மனத்தில் இருந்த வரிசையில் அதைக் கடைசியில் வைத்திருந்தேன். பாடப் புத்தகமும் அப்படித்தான் வைத்திருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் போன மூன்றாவது வருடம் மழை தொடங்கியதும் மண் இடது ஓரமாக ஒதுங்கத் தொடங்கியது.

சல்லடையை ஓட்டும் ஆப்பரேட்டர் பக்கத்து வாழவந்தி கிராமத்துக்காரர். மொபெட்டில் வருவார், வீட்டில் நாலு ஆரஞ்சு மரம் வைத்திருந்தார், யாரைப் பார்த்தாலும் கிண்டல். நான் தட்டுவதையும் தொடுவதையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, மாட்டுக்குச் சினை பாக்கற மாதிரியே பாக்கறீங்க. எத்தன மாசமுங்க?" என்பார்.

"இன்னும் தெரியலீங்கண்ணா."

கொட்டும் வாயை நிமிர்த்தினோம். மண் ஒரு வாரம் நடுவில் ஓடியது. மறுபடி ஒதுங்கியது. அடுத்து, பெட்டியின் நாலு மூலையிலும் பக்கத்தகட்டில் வெள்ளை அட்டை ஒட்டி, சல்லடை ஓடும்போது பென்சில் முனையை அசையாமல் அதில் வைத்து எடுத்தேன். தகடு எப்படி ஆடுகிறதோ அதை அட்டையே வரைந்து கொடுத்துவிடும். நல்ல உடம்பாக இருந்தால் நாலு அட்டையிலும் ஒரே அளவு முட்டை வடிவம் வரும்.

"என்னங்க அம்மிணி, கோழிமுட்டை வரையறீங்க?"

"நாலும் ஒரே முட்டையா இருக்கோணுங்கண்ணா."

"என்ற ஊட்டுக் கோழிகிட்ட வந்து இதச் சொல்லிப் பாருங்க."

மூன்று முட்டைகள் ஒன்றாக இருந்தன. இடது முன்மூலையில் வந்தது ஒல்லியாக, சாய்ந்து, புளியங்கொட்டையைப்போல் இருந்தது. ஸ்பிரிங்குகளை மாற்றினோம், ஒரு பக்கம் மாற்றினால் எதிர்ப்பக்கமும் மாற்ற வேண்டும், மாற்றினோம். அந்த முட்டை கொஞ்சம் உருண்டு வந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது. ஆனால் அந்த மூலையில், உள்ளே குறுக்கே போகும் விட்டத்தைத் தகட்டோடு பிணைக்கும் போல்ட் தளர்ந்தது. முறுக்கினேன். நாலாம் நாள் மறுபடி தளர்ந்தது. புதுப் போல்ட் போட்டோம். அதுவும் தளர்ந்தது.

ஒரே போல்ட் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் குறை போல்ட்டில் இருக்காது. இது எனக்குத் தெரியும். போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தேன். எடுக்க எடுக்க வந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் முன்னால் சல்லடைக்கு ஒரு கோட் சில்வர் பெயிண்ட் அடிப்பது அங்கே வழக்கம். பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பார்கள். வருடக்கணக்கான பூசை அந்தத் தகட்டின் மேல் ஏடு ஏடாக உறைந்திருந்தது. அடியில் இரும்பு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மற்ற ஆலைகளில் விரிசல் இருந்தால் அதிலிருந்து துருநீர் செந்நிறமாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் மண்ணே செம்மண். இரும்பு, சட்டை, நகக்கண், அக்காவின் சோற்றுப்போசி, எல்லாம் அதே நிறம்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனாலும் அன்று மாலை மேனேஜரிடம் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன். "சந்தேகத்துக்கெல்லாம் நிறுத்த முடியாதும்மா, பாத்துட்டே இரு" என்றார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அந்த வருட ஆயுத பூசைக்குப் பெயிண்ட் வரவில்லை. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து லாரிகளைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். ஆப்பரேட்டர் அண்ணனுக்குப் பெரிய குறை.

"நோம்பிக்கு வெள்ளையடிக்காத ஊடு மாதிரி நிக்குதுங்க. பாக்கவே சகிக்கல."

பெயிண்ட் இல்லாத குறைக்கு மண்ணெண்ணெயை வாரி இறைத்துத் தேய்த்தார். பழந்துணியால் துடைத்து மறுபடி ஊற்றித் துடைத்தார். நான் அங்கே போன நாளிலிருந்து முதல்முறையாகப் புதுப் பெயிண்ட் இல்லாமலே சல்லடையின் சிவப்பு போயிருந்தது. இரண்டு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூலைக்கு ஒன்றாக மூன்று விரலால் பட்டை இழுத்தார். இடது முன்மூலைக்கு வந்ததும் நின்றார்.

"நோவு இங்கதானுங்களே? இதுக்குப் பெரிசாப் போடறேன்" என்று, நான் பெயிண்டைச் சுரண்டின இடம் முழுக்க மறைகிற அளவுக்குப் பட்டை போட்டுவிட்டார்.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்தார்கள். அன்று சல்லடை ஓடாது. அக்காவும் பெல்ட்டுப் பெண்களும் கன்வேயர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க சாமிக்கு நான் கும்புடு போட மாட்டேன். பொரிய மட்டும் இப்பிடித் தள்ளு" என்றார் அக்கா.

"பொரியும் சாமி பேர்லதானுங்க வந்துச்சு" என்றார் ஆப்பரேட்டர் அண்ணன்.

"வவுத்துக்குள்ள போனா எல்லாம் ஏசப்பா பாத்துக்குவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பொரியோடு சல்லடைப் பக்கம் போனேன். திருநீறு காய்ந்து வெளுத்திருந்தது. இடது முன்மூலையில் அந்தப் பெரிய பட்டைக்குக் குறுக்கே, போல்ட்டிலிருந்து கிளம்பி மேலே சாய்ந்து, மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

பாலிடெக்னிக் இரண்டாம் வருடப் பரீட்சையில் இதற்கு நான் விடை எழுதியிருக்கிறேன். இரும்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப்பொடி பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளையில் கோடாகத் தெரியும். சுண்ணாம்புப்பொடியின் இடத்தில் இங்கே திருநீறு இருந்தது. நாங்கள் அன்று காலையெல்லாம் அந்தச் சோதனையைத்தான் பக்தியோடு செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

பட்டையை அழித்தேன். கைநிறையத் திருநீறு எடுத்து நானே குழைத்துப் பூசினேன். பக்கத்திலேயே நின்றேன். வெளுத்தது. பிறகு அதே இடத்தில், அதே சாய்வில், கோடு வந்தது.

ஆப்பரேட்டர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "எறும்பு கிறும்பு போயிருக்குமுங்க" என்றார். அவரும் ஒருமுறை அழித்துப் பூசினார். கோடு வந்ததும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் பெரிசாப் போட்டிருக்கக் கூடாதுங்க அம்மிணி" என்றார். அன்று அதற்குமேல் அவர் கிண்டல் பேசவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பெல்ட் நின்றால் தன் வேலையும் போகுமே என்று அவர் முதலில் கேட்டிருக்கலாம்.

"அப்ப நீ போயிருவியா கண்ணு?" என்றுதான் கேட்டார்.

அடிவாரத்தில் இருந்த மேனேஜருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் அவர் மண் சரிந்த வளைவை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்து மேலே வந்தார். அவர் கண்முன்னால் மறுபடி செய்துகாட்டினேன். கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"காப்பாத்த வழி இருக்கா?"

"கோடு முடியற இடத்துல ஒரு ஓட்டை போடணும் சார். விரிசலோட நுனி கூரா இருக்கறதாலதான் மேல மேல ஓடுது. உருண்டையா ஓட்டை போட்டா அங்க நின்னுரும். ரெண்டு பக்கமும் தகடு வெச்சு போல்ட் போடலாம்."

"நிக்குமா?"

"கொஞ்ச நாளைக்கு நிக்கும் சார்."

நின்றது. முட்டைகள் நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. போல்ட் தளரவில்லை. வாரம் ஒருமுறை சல்லடையை நிறுத்தி மண்ணெண்ணெய் தடவித் திருநீறு பூசிப் பார்த்தேன். ஆப்பரேட்டர் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பொட்டலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "பழனியாண்டவருக்குக்கூட இத்தன அபிசேகம் இல்லீங்க" என்றார், கிண்டல் திரும்பிவிட்டது. காபிப் பழம் சிவந்து பறிப்பு தொடங்கியது. நாகலூரில் வீடுகளின் முன்னால் மூங்கில் நட்சத்திரம் கட்டினார்கள். அக்காவின் மகள் விடுமுறைக்கு வந்தாள். மூன்று பேரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து முறுக்கு சுட்டோம். எனக்கு அந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்காது என்று ஏறக்குறைய நம்பிவிட்டேன். காலையில் சரிவு திரும்பும்போது, அக்கா கேட்கும் முன்பே நான் சொன்னேன்: "நல்லா இருக்குதுக்கா."

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வலது பக்கத்துத் தகட்டில் திருநீறு பூசியபோது அங்கே ஒரு கோடு வந்தது. இடது பக்கத்தைவிட நீளம். ஒரு பக்கத்தைக் கெட்டியாகக் கட்டினதால் பாரம் இந்தப் பக்கம் வந்திருந்தது. இனி ஒவ்வொன்றாக வரும்.

மேனேஜர் இந்தமுறை வழி கேட்கவில்லை. சல்லடையை நிறுத்த நாள் குறித்தார்.

இத்தகைய சல்லடையை நிறுத்தும்போது ஒன்று நடக்கும். மோட்டார் அணைந்ததும் அது மெல்ல அடங்காது. வேகம் குறைந்துவரும்போது ஒரு கட்டத்தில், ஓடும்போது ஆடினதைவிடப் பல மடங்கு எகிறி ஆடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் உடைந்துவிட்டது என்று ஓடிவருவார்கள். அது கோளாறு இல்லை. எந்தச் சல்லடையும் நிற்பதற்குமுன் அந்த ஆட்டத்தைக் கடந்துதான் நிற்கும். கடைசி நாள் ஆப்பரேட்டர் அண்ணன் ஸ்விட்சை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெட்டி எகிறியது, நடைமேடை உதறியது, நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நின்றது. கன்வேயர் ஓரத்தில் அக்கா இருமுவது கேட்டது. அந்த இடத்தில் ஒருவர் இருமுவதை அதுவரை நான் கேட்டதே இல்லை.

அப்பாவே பஸ்ஸில் வந்து அழைத்துப்போனார். பாதி வளைவுகள் இறங்கிய பிறகு, "பேசினது ஞாபகம் இருக்குதா சாமி?" என்றார்.

"இருக்குதுங்கப்பா. பேசினபடியே. ஒண்ணு மட்டும், வேலைக்குப் போறத நிறுத்தச் சொல்லக் கூடாது."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "செரி" என்றார்.

அவர்கள் பார்த்த பையன் நல்லவர். இது அவருடைய குறையைப் பற்றிய எழுத்து இல்லை. எனக்கு வேலை இருக்கிறது, மூன்று சல்லடைகள், மூன்றும் புதுசு. ஆயுத பூசைக்கு நானே மண்ணெண்ணெய் துடைத்துத் திருநீறு பூசுகிறேன். பட்டை சுத்தமாக வெளுத்துக் காய்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, இரண்டாவது தடவையும் போய்ப் பார்க்கிறேன்.

போன தையில் ஒரு நாள் மட்டும் மேலே போனேன். அக்கா இப்போது எஸ்டேட்டில் காபி பறிக்கிறார். மதியம் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் குறுக்குவழியில் ஏறினார். இடது பக்கத்தை விட்டுத்தரவில்லை. என் தோள் நனைந்தது. சல்லடையைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். நாலு கான்கிரீட் தூண்கள் உண்ணிச்செடிக்குள் நிற்கின்றன என்று அக்கா வழியிலேயே சொல்லிவிட்டதால், அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வரவில்லை. சரிவு திரும்பும் இடத்தில் நின்றேன். செருப்பைக் கழற்றினேன்.

அக்கா என் காலைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். வழக்கமான கேள்வியைக் கேட்க வாய் எடுத்தவர் அதைக் கேட்காமல், "மண்ணு நொம்பக் குளுரும் கண்ணு, செருப்பப் போட்டுக்க" என்றார்.

"கொஞ்ச நேரம்க்கா" என்றேன்.

அவரும் என்னோடு நின்றார்.